சாவியைக் கொடுத்த கை சக்கரத்தைத் தடுக்கலாமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



குன்னூரில் நாம் நன்கறிந்த ஒரு வீட்டில் சென்ற ஐப்பசி மழையின்போது ஒரு வழக்கு எழுந்தது. பதினாறு வயது மகன், மழை விடுமுறை நாள்களில், மரக்கடையில் கழித்துப் போட்ட சில்வர் ஓக் பலகைகளைக் கொண்டு ஒரு சட்டம் செய்தான். பழைய இரும்புக் கடையில் கிடந்த கார் இருக்கை ஒன்றை வாங்கி அதன்மேல் பொருத்தினான். இரண்டு பெருநாள்களில் சேர்ந்த காசைக் கொண்டு, வேறொருவர் பயன்படுத்தி விற்ற ஸ்டீயரிங் சக்கரத்தையும் மூன்று பெடல்களையும் வாங்கி, வீட்டிலிருந்த கம்ப்யூட்டரோடு இணைத்தான். கார் பந்தய சிமுலேட்டர் ஒன்று அவன் கையாலேயே உருவாயிற்று.

பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இதெல்லாம் ஹராம்" என்று தீர்ப்பளித்தார். அத்தா மறுபேச்சுப் பேசாமல் சட்டத்தைக் கழற்றச் சொன்னார். அன்று மாலையே அந்த அத்தா அந்த மகனிடம், "தம்பி, வெலிங்டன் வரைக்கும் போய் மாமி வீட்டில் இதைக் கொடுத்துவிட்டு வந்துவிடு" என்று பைக் சாவியை நீட்டினார். வெளியே மூடுபனி. பிள்ளையிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. தலைக்கவசத்தை அவன் எடுக்கவுமில்லை, எடுக்கும்படி எவரும் சொல்லவுமில்லை. காலையில் ஹராம் என்று சொன்ன வாய்கள் மாலையில் மூடியிருந்தன.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. உதகையிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் நம் சமுதாயத்து வீடுகள் பலவற்றில் இதுவே வழக்கமாகிவிட்டது. ஆகவே இதை வெளிப்படையாகப் பேச வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஹராம் என்பது நம் நாவின் சொத்தன்று

தம் நாவுகள் புனைகின்ற பொய்யைக் கொண்டு இது ஹலால், இது ஹராம் என்று சொல்லித் திரிவதை அல்லாஹ் கடுமையாகக் கண்டிக்கின்றான் (திருக்குர்ஆன் 16:116). உலகியல் பொருள்களில் அடிப்படை நிலை அனுமதியே. தடுப்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பது மார்க்க அறிஞர்கள் நமக்குக் கற்றுத்தந்த விதி. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். நமக்குப் பழக்கமில்லாத எதையும் முதலில் ஹராம் என்கிறோம். பிறகு ஆதாரத்தைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் குரலை உயர்த்துகிறோம்.

விளையாட்டு என்பதாலேயே ஒன்று தவறாகிவிடுமா? நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எல்லை வகுத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர். இது புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி. முதல் பந்தயத்தின் தூரம் ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவதன் தூரம் ஒரு மைல் என்று அறிவிப்பாளர் விளக்குகிறார். குதிரையின் தகுதிக்கேற்ப எல்லை வகுக்கப்பட்டதைக் கவனியுங்கள். பயிற்சி இல்லாததை நீண்ட வழியில் ஓடவிடவில்லை. குதிரைக்குக் காட்டப்பட்ட அந்தக் கவனத்தில் பாதியையாவது நாம் நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா?

"அது உண்மையான குதிரை; இது வெறும் பொம்மை" என்று சொல்வோருக்கும் பதில் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கு இடையே துணியால் செய்த இறக்கைகளுடன் ஒரு குதிரை இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அது என்னவென்று கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்தார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டபோது, கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்குச் சிரித்தார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. பாவனையாகச் செய்த ஒரு வாகனத்தைக் கண்டு அல்லாஹ்வின் தூதர் செய்தது இதுதான்: கேட்டார்கள், பதிலைச் செவிமடுத்தார்கள், சிரித்தார்கள். நாமோ கேட்பதற்கு முன்பே கழற்றச் சொல்கிறோம்.

சாவியின் குற்றத்தை யார் பேசுவது?

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14. இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று பலகைகள் வைத்திருப்பது அலங்காரத்திற்காக அன்று. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். என்ஜினின் இழுவையே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். வளைவுக்கு அப்பால் காட்டுமாடு நிற்கலாம். சாலையில் ஈர இலைகள் கிடக்கலாம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மஞ்சு இறங்கலாம். இம்மலையில் பிறந்தவர்களுக்கு இவற்றை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தேதான் சாவியைக் கொடுக்கிறோம்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? பதினாறு வயதில் 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டுமே, அதுவும் உரிமம் பெற்று, ஓட்டலாம். மற்றவற்றுக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். 2019ஆம் ஆண்டு திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பொறுப்பாளரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வாகனப் பதிவு ரத்து. அந்தப் பிள்ளைக்கோ இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது.

சட்டத்தை விடுங்கள், மார்க்கத்தைப் பார்ப்போம். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற பொருளில் அல்லாஹ் எச்சரிக்கின்றான் (2:195). ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி. பதினேழு வயதுப் பிள்ளையின் சந்தூக்கைத் தோளில் சுமந்து நடந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தச் சுமை மற்ற ஜனாஸாக்களின் சுமையைப் போன்றதன்று. அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், "கத்ரு, என்ன செய்வது" என்கிறோம். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. நாம் அவிழ்த்துவிட்ட ஒட்டகத்திற்குக் கத்ரைக் காரணம் காட்டுவது இறைநம்பிக்கை ஆகாது. பொறுப்பிலிருந்து நழுவுவதே ஆகும்.

அந்தச் சக்கரம் செய்வது என்ன?

கண்டிக்கும் முன் கண்டிக்கப்படுவது என்னவென்று அறிந்துகொள்வது நீதி. சிமுலேட்டரின் ஸ்டீயரிங் சக்கரத்திற்குள் மோட்டார் இருக்கிறது. திரையில் ஓடும் காரின் முன்சக்கரங்கள் சாலையில் எவ்வளவு பிடிப்போடு இருக்கின்றன என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டு, அதற்கேற்ற எதிர்விசையை அந்த மோட்டார் வழியாகக் கைக்கு அனுப்புகிறது. பிடிப்பு நழுவும்போது ஸ்டீயரிங் இலேசாவதைக் கை உணரும். பல வீடுகளில் காணப்படும் லாஜிடெக் ஜி29 போன்றவற்றில் இவ்விசை பற்சக்கரங்களின் வழியாக வருகிறது. சற்று விலை கூடியவற்றில் பட்டையின் வழியாக. இன்னும் சிலவற்றில் மோட்டாரின் அச்சிலேயே சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். பிரேக் பெடலிலும் வேறுபாடு உண்டு. எளிய பெடல் கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. லோட் செல் பொருத்திய பெடல் கால் எவ்வளவு அழுத்தியது என்பதை அளக்கிறது. உண்மையான காரின் பிரேக் பெரிதும் அழுத்தத்திற்கே பணிகிறது என்பதால் பின்னதே அதற்கு நெருக்கமானது.

பாவனைக் கருவியைப் பொம்மை என்று இகழ்வது புதிதன்று. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் கொண்டு 1929இல் விமானப் பயிற்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். தொடக்கத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமந்து பறந்தபோது, மோசமான வானிலையில் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகே இராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. மேகத்திற்குள் எதுவும் தெரியாமல் பறப்பதை மேகத்திற்குள் செல்லாமலே கற்கலாம் என்பதை உயிர்கள் போன பின்னரே ஏற்றார்கள். மூடுபனியில் வாழும் நமக்கு அதில் பாடம் இல்லையா?

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சிமுலேட்டர் ஓட்டுநர் உரிமத்திற்கு ஈடாகாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, ஸ்டீயரிங்கைப் பதறாமல் திருப்புவது, கியரை உரிய நேரத்தில் மாற்றுவது ஆகியவற்றை அது ஓரளவு பழக்கும். அச்சத்தை அது பழக்காது. ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டிஷ் இளைஞர் கிரான் டூரிஸ்மோ விளையாட்டின் வழியாக நடந்த ஜிடி அகாடமி போட்டியில் 2011இல் வென்று, உண்மையான பந்தய ஓட்டுநரானார். அவருடைய கதை 2023இல் திரைப்படமாகவும் வந்தது. அதே இளைஞர் 2015இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஓட்டிய கார் மேலெழும்பி வேலியைத் தாண்டி விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் கார் கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தித் தொடங்கிய இடத்திற்குத் திரும்பலாம். சாலையில் அந்தப் பொத்தான் இல்லை. இதைப் பிள்ளையின் அருகில் அமர்ந்து சொல்ல வேண்டியவர் அத்தா. சட்டத்தைக் கழற்றி எறிந்தவரால் அருகில் அமர இயலாது.

"வீட்டில் வேகம் பழகினால் சாலையிலும் வேகம் தேடமாட்டானா?" என்ற கேள்வியை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை, எதிர்வாதங்களில் இதுவே கனமானது. தேடக்கூடும். ஆனால் தேடுவதற்குக் கையில் சாவி இருந்தால்தானே? வேக ஆசை இளமையோடு பிறந்தது; சிமுலேட்டர் வருவதற்கு முன்பும் அது இருந்தது. அந்த ஆசைக்குச் சுவருக்குள் ஓர் இடம் கொடுத்து, சாலையின் கதவைப் பதினெட்டு வரை அடைத்து வைப்பதே அறிவு. வேகத்தில் உண்மையான திறமை இருந்தால் அதற்கும் முறையான வழி உண்டு. மலைக்குக் கீழே, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக 2005இல் களமிறங்கிய நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அங்கே தலைக்கவசமும் விதிகளும் மருத்துவ வண்டியும் உண்டு. எதிரே பேருந்து வராது.

உண்மையான ஹராம்கள் வேறிடத்தில் இருக்கின்றன

சிமுலேட்டரை ஆதரிப்பதால் அதைச் சுற்றி வருகின்ற அனைத்தையும் ஆதரிக்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். கண்டிக்க வேண்டியவை உண்டு. அவற்றைக் கண்டிக்காமல் பலகையையும் சக்கரத்தையும் கண்டிப்பதே நம் குறை.

முதலாவது வட்டி. ஸ்டீயரிங்கும் பெடலும் புதிதாக வாங்கினால் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். உடனே தவணைத் திட்டம் வந்து நிற்கிறது. "வட்டியில்லாத் தவணை" என்ற பெயரைக் கண்டு நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். கடன் அட்டையில் அத்திட்டம் பெரும்பாலும் எப்படி இயங்குகிறது? வங்கி வட்டியை விதிக்கத்தான் செய்கிறது. அந்த வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடி செய்கிறார். வட்டியின் மீதான ஜிஎஸ்டி வாங்குபவரின் கணக்கில் ஏறுகிறது. பெயர் மாறினால் பொருள் மாறிவிடாது. வட்டியைக் கைவிடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக எச்சரிக்கும் வசனத்தை (2:279) அறிந்த சமுதாயம், விளையாட்டுப் பொருளுக்காக அந்த வாசலில் நிற்கலாமா? காசு சேர்ந்த பின் வாங்குங்கள், சேராவிட்டால் காத்திருங்கள்.

இரண்டாவது சூது. உதகை நகரின் நடுவே, பேருந்து நிலையத்தை ஒட்டிய மைதானத்தில் கோடைப் பருவந்தோறும் பல்லாண்டுகள் குதிரைப் பந்தயமும் அதன்மேல் பணயமும் நடந்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குத்தகைப் பாக்கிக்காக 2024இல் தமிழக அரசு அந்த நிலத்தை மீட்டுக்கொண்டது. ஓடும் குதிரையை மார்க்கம் தடுக்கவில்லை. பார்ப்பவன் வைக்கும் பணயத்தைத் தடுத்தது (5:90). இணையப் பந்தயத்திலும் அளவுகோல் இதுவே. பத்துப் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, வென்றவன் எடுத்துக்கொள்வது சூதாட்டமே. 2025இல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. "பிள்ளைகள் ஐம்பது ரூபாய்தானே வைக்கிறார்கள்" என்று சிரித்துவிட்டுப் போகும் பெரியவர்கள், சக்கரத்தைப் பார்த்து மட்டும் ஏன் சினக்கிறார்கள்?

மூன்றாவது தொழுகை. இணையத்தில் பலரோடு ஓடும் பந்தயத்தை நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. ஐரோப்பியரின் இரவு எட்டு மணிப் பந்தயம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அதில் கலந்துகொண்ட பிள்ளை ஃபஜ்ருக்கு எழுவானா? எழமாட்டான். எனவே இணையப் பந்தயத்தை விலக்கி, தனியாக ஓட்டும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. பாங்கு கேட்டால் எழுந்துவிட வேண்டும். எழ மறுத்தால், அன்றைக்கு அந்தக் கம்பியைப் பிடுங்கிவைக்கும் உரிமை அத்தாவுக்கும் அம்மாவுக்கும் உண்டு. அப்போது காரணம் தெளிவாக இருக்கும். பிள்ளையும் அதை ஏற்பான்.

நான்காவது வீண் விரயம். விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது இறைமறை (17:27). மூன்று திரைகள், அலுமினியச் சட்டம், அச்சிலேயே பொருத்திய மோட்டார் என்று அடுக்கினால் செலவு இலட்சங்களில் போய் நிற்கும். கொழுந்து பறிக்கும் குடும்பம் பக்கத்து லைன் வீட்டில் வாழும்போது, விளையாட்டு அறைக்கு அவ்வளவு செலவிடுவதை நாம் நியாயப்படுத்தமாட்டோம். ஆனால் இதைச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு? ஒரே இரவின் வலிமா மேடைக்கும் விளக்குகளுக்கும் இலட்சங்களைக் கொட்டியவர், பெருநாள் காசில் பழைய சக்கரம் வாங்கிய பிள்ளையை விரயக்காரன் என்று அழைப்பது நகைப்புக்குரியது. பலகையை அறுக்கவும் திருகாணி முடுக்கவும் மின்கம்பி இணைக்கவும் அவன் கற்றிருக்கிறான். அவன் கை ஒரு தொழிலைத் தொட்டிருக்கிறது.

நாம் வேண்டுவது

பிள்ளை சிமுலேட்டர் கேட்டால், பழையதை வாங்கி, சட்டத்தை வீட்டிலேயே செய்யுங்கள். இம்மலையின் ஈரம் மின்பொருள்களுக்குப் பகை. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், பயன்படுத்தாத நேரத்தில் துணியால் மூடுங்கள். காற்று மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும். ஸ்டெபிலைசரோ யூபிஎஸ்ஸோ இன்றி இணைக்காதீர்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். பெடலை உதைக்கும் ஓசை அடுத்த வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். அண்டை வீட்டாரின் உரிமை மார்க்கத்தில் பெரிது. அடியில் பழைய விரிப்பை மடித்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கட்டும், பூட்டிய அறையில் வேண்டாம். படிப்புக்கும் தொழுகைக்கும் பிறகு ஒரு மணி நேரம் என்று வரையறுங்கள்.

மகளும் அந்த இருக்கையில் அமரட்டும். ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய நபியின் உம்மத்து நாம். அவளும் நாளை இம்மலைச் சாலையில் வாகனம் ஓட்டப் போகிறவளே.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாகனச் சாவியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு நிரம்பி, உரிமம் பெற்று, தலைக்கவசத்தோடு நிற்கும் நாளில் திருப்பிக் கொடுங்கள். அதுவரை மாமி வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பொருளை நாமே நடந்து சென்று கொடுப்போம். அதில் ஸிலத்துர் ரஹிமின் நன்மையும் நமக்குக் கிடைக்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் கதீப்மார்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ மேடையில் மொபைலையும் விளையாட்டையும் பற்றிப் பலமுறை பேசிவிட்டோம். உரிமமில்லாப் பிள்ளையிடம் சாவி கொடுப்பதைப் பற்றி ஒரே ஒரு ஜும்ஆவிலாவது பேசுங்கள். அன்று தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பள்ளிவாசல் வாசலில் நிற்கும் பைக்குகளை யார் யார் எடுத்துச் செல்கிறார்கள் என்று பாருங்கள். பேச வேண்டியதன் அவசியம் அங்கேயே விளங்கிவிடும்.

குன்னூரில் அந்த வீட்டின் சில்வர் ஓக் சட்டம் இப்போது பரணில் கிடக்கிறது. பைக் சாவி கதவருகே ஆணியில் தொங்குகிறது, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில். இவ்விரண்டும் இடம் மாற வேண்டும்.

எதைத் தடுக்க வேண்டுமோ அதைத் தடுக்கவும், எதை அனுமதிக்க வேண்டுமோ அதை அனுமதிக்கவும் நமக்கு அல்லாஹ் தெளிவைத் தருவானாக. நம் பிள்ளைகளை ஒவ்வொரு வளைவிலும் பாதுகாத்து, நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.